அமுக்கிப் பார்த்த மெத்தை

1976 ஜூன் 5, சனிக்கிழமை முற்பகலில், சிட்னியின் மேற்கிலுள்ள பிளாக்டவுனில் ஒரு தளபாடக் கடையில், விக்னராஜா என்ற மின்பொறியியலாளர் இருவர் படுக்கும் மெத்தையொன்றை வாங்கினார். அதில் அவரோடு படுக்கப்போகிற அவருடைய மனைவி நாகேஸ்வரி, கடை வாசலுக்குப் பக்கத்தில் கைப்பையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

மெத்தையைப் பரிசோதித்தவர்கள் இரண்டு ஆண்கள். ஒருவர் விக்னராஜா. மற்றவர் அவருடைய நண்பர் சிவபாலன். அந்தக் காலத்தில் மேற்குச் சிட்னியில் தமிழ்க் குடும்பங்கள் மிகக் குறைவு. ஒருவர் பெரிய சாமான் ஏதாவது வாங்கப் போனால், அவருக்கு முன்னால் நாட்டுக்கு வந்த ஓர் ஆண் துணைக்குப் போவார். கார், குளிர்சாதனப் பெட்டி, வீடு எல்லாம் இப்படித்தான் வாங்கப்பட்டன. சிவபாலன் மூன்று வருடம் முந்தி வந்தவர். ஆகவே மெத்தையிலும் அவர் அனுபவசாலி.

"இஞ்சை பார் மச்சான்," என்று சிவபாலன் கைவிரல்களை மடக்கி மெத்தையில் குத்தினார். கை மணிக்கட்டு வரைக்கும் உள்ளே போயிற்று. "குழைச்ச கோதம்பை மா மாதிரிக் கிடக்கு. உன்ரை பழைய மெத்தை பலகையடாப்பா."

விக்னராஜா உள்ளங்கையால் அமுக்கினார். பிறகு மூலையைத் தூக்கிப் பாரம் பார்த்தார். விளிம்பில் உட்கார்ந்து இரண்டு தரம் எழும்பி இருந்தார். பொன்னிறப் பூப்போட்ட பளபளப்புத் துணி, அதற்குக் கீழே தடித்த கம்பளிப் படை, அதற்கும் கீழே சுருள் கம்பிகள். கடையிலிருந்த மெத்தைகளில் அதுதான் உயரமானது.

கழுத்தில் அளவுநாடா போட்டிருந்த விற்பனையாளர் கொஞ்ச நேரம் இதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நீங்களும் மனைவியும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஐந்து நிமிடம் படுத்துப் பாருங்களேன். எல்லோரும் அப்படித்தான் வாங்குவார்கள்," என்றார். அவர் காட்டிய பக்கத்தில் ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி காட்சிக் கட்டிலொன்றில் மல்லாந்து படுத்து, கூரையைப் பார்த்தபடி ஆட்டிறைச்சி விலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நாகேஸ்வரி சட்டென்று முகத்தை வீதிப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நோ, நோ. ஷீ இஸ் ஆல்ரைட்," என்றார் விக்னராஜா.

சிவபாலன் குரலைத் தாழ்த்தினார். "கடையிலை, சனத்துக்கு முன்னாலை, குடும்பப் பொம்பிளையைப் படுக்கச் சொல்லுறான். இவங்களுக்கு வெக்கமெண்ட சாமானைக் கடவுள் குடுக்கேல்லை."

மத்தியானத்தோடு கடைகள் பூட்டிவிடும். விக்னராஜா அவசரமாகத் திரும்பி மனைவியைக் கேட்டார்.

"என்னப்பா, நிறம் பிடிச்சிருக்கே?"

"ஓம், நல்ல நிறம்," என்றார் நாகேஸ்வரி.

அந்த மெத்தையைப் பற்றி அவரிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான். வேறு கேள்வி வராததில் அவருக்கும் ஆறுதலே. படுத்துப் பார் என்று கணவர் சொல்லியிருந்தால் அவர் கடையை விட்டே ஓடியிருப்பார்.

செவன் ஹில்ஸில் அவர்கள் புதிதாக வாங்கியிருந்த செங்கல் வீட்டுக்கு மெத்தை வந்து சேர்ந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுமனைக்கு வந்த விருந்தாளிகளுக்கு வீடு காட்டப்பட்டது. குசினி, குளியலறை, பின்வளவு என்று போய், கடைசியில் படுக்கையறை. விக்னராஜா விரிப்பின் ஒரு பக்கத்தைத் தூக்கி, "அமுக்கிப் பாருங்கோ," என்பார். எல்லோரும் அமுக்கினார்கள். கல்யாணசுந்தரம் என்ற புதிதாய் வந்த கணக்காளர் இரண்டு கையாலும் அமுக்கிவிட்டு, "அண்ணை, இதிலை படுத்தால் வேலைக்கு எழும்பிப் போக மனம் வருமே?" என்று கேட்டார். சபை சிரித்தது.

ஒருவரும் அதில் படுக்கவில்லை. கடையிலிருந்து வந்த தடித்த பிளாஸ்டிக் உறையும் கழற்றப்படவில்லை. விலையுயர்ந்த சாமானில் ஊத்தை படக்கூடாது என்று சிவபாலன் சொன்னபடி உறைக்கு மேலேயே விரிப்பு விரிக்கப்பட்டது. புரளும்போது அது சரசரக்கும்.

விக்னராஜா கனத்த உடம்புக்காரர். படுத்தவுடன் மெத்தை அவரை உள்ளே வாங்கி அணைத்துக்கொள்ளும், விடியும்வரை அசையமாட்டார். நாகேஸ்வரி மெலிந்தவர். கணவர் படுத்தால் மெத்தையின் அந்தப் பக்கம் பள்ளமாகிவிடும். நாகேஸ்வரி சரிவிலே உருளுவார். உருளாமல் இருப்பதற்காக மெத்தையின் ஓரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தூங்கப் பழகினார். இடுப்பு கீழே புதைந்து, காலும் தோளும் மேலே நிற்கும்.

இரண்டாவது கிழமை அவருக்கு நாரி பிடித்துக்கொண்டது; இடுப்புக்கு மேலே கீழ்முதுகு விறைத்துப்போயிற்று.

யாழ்ப்பாணத்தில் பெண்கள் பாடசாலையொன்றில் இரசாயனம் படிப்பித்தவர் நாகேஸ்வரி. சிட்னிக்கு வந்தபின் செவன் ஹில்ஸ் தொழிற்பேட்டையில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பொதி கட்டினார். இரண்டு வருடம் விண்ணப்பங்கள் போட்டு, பல நேர்முகங்களில் தோற்று, கடைசியில் ஒரு மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்திருந்தது. ஓகஸ்டில் சேரவேண்டும். அதற்கு முன் மருத்துவமனை வைத்தியரின் உடற்சோதனையில் தேறவேண்டும். அதில், குனியச் சொல்வார்கள், பாரம் தூக்கச் சொல்வார்கள் என்று தொழிற்சாலைத் தோழி ஒருத்தி சொல்லியிருந்தாள். நாகேஸ்வரியால் காலையில் குனிந்து செருப்பைக்கூட மாட்ட முடியவில்லை.

முதலில் சொல்லாமல் மறைத்தார். பிறகு ஒரு நாள் பல் விளக்கும்போது கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் நின்றதை விக்னராஜா கண்டுவிட்டார்.

"என்னப்பா செய்யுது?"

"ஒண்டுமில்லை. நாரி கொஞ்சம் பிடிச்சிருக்கு."

"நான் அப்பவே சொன்னனான். நாள் முழுக்க அந்த மெசினுக்கு முன்னாலை நிண்டால் பிடிக்காமல் என்ன செய்யும்?"

செய்தி சிவபாலன் வீட்டுக்குப் போயிற்று. சிவபாலனின் மனைவி யோகா நல்லெண்ணெய்ப் போத்தலோடு வந்து முதுகில் தேய்த்துவிட்டார். சிவபாலன் வரவேற்பறைக் கதிரையில் இருந்தபடி தீர்ப்புச் சொன்னார்.

"வீட்டிலை ராசாத்தி மாதிரி மெத்தை வேண்டிப் போட்டிருக்கிறான் மனுசன். அதிலை படுத்தும் நாரி நோகுதெண்டால் அது வேலையாலைதான். லாப் வேலையும் நிண்டபடி செய்யிற வேலை. விட்டுத் தள்ளுங்கோ."

"ரண்டு வருசமாத் தேடின வேலை அண்ணை," என்றார் நாகேஸ்வரி.

"அதுக்கு? நாரி போனால் வேலை திருப்பித் தருமே?"

விக்னராஜா தலையாட்டினார். மெத்தையைச் சந்தேகிக்க அவருக்குக் காரணமே இருக்கவில்லை. அவர் அதில் நன்றாகத் தூங்கினார். நண்பன் அமுக்கிப் பார்த்திருக்கிறான். வந்தவர்கள் எல்லோரும் அமுக்கிப் பார்த்திருக்கிறார்கள். நாகேஸ்வரிக்கோ சந்தேகம் இருந்தது. ஆனால் கணவர் ஆசையாக வாங்கி ஊருக்கெல்லாம் காட்டிய சாமானைக் குறை சொல்ல வாய் வரவில்லை. அடுத்த அறையிலிருந்த பழைய மெத்தைக்குப் போய்ப் படுக்கலாம் என்று பலமுறை நினைத்தார். புருசன் பெண்சாதிக்குள் என்ன சண்டை என்று யோகா கேட்பாள் என்ற பயத்தில் அதையும் செய்யவில்லை. முள்ளந்தண்டில் ஏதோ பெரிய வியாதி வந்துவிட்டது, இனிச் சத்திரசிகிச்சைதான் என்று தனக்குள்ளேயே முடிவுகட்டத் தொடங்கினார்.

ஜூலை நடுப்பகுதியில் விக்னராஜா ஒரு நாள் சாப்பிடும்போது, "நாளைக்கு அந்த ஆஸ்பத்திரிக்கு வரேல்லையெண்டு சொல்லிவிடுவம்," என்றார். நாகேஸ்வரி சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

"ஒரே ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டிப்போட்டுச் சொல்லுவம். அவர் ஏலாதெண்டால் நான் விடுறன்."

"அவர் இல்லை, அவ. ஸ்டேசனடியிலை ஒரு மலேசியத் தமிழ்ப் பொம்பிளை டொக்டர் இருக்கிறா எண்டு கல்யாணசுந்தரம் சொன்னவன்."

ஈப்போவிலிருந்து மாணவியாக வந்து இங்கேயே தங்கிவிட்ட அந்த வைத்தியரின் பெயர் புஷ்பவல்லி. வேலையால் வந்த வலி என்று விக்னராஜா சொன்னதைக் கேட்டுவிட்டு, நாகேஸ்வரியை மட்டும் உள்ளே அழைத்து, காலைத் தூக்கச் சொல்லி, முழங்காலைத் தட்டிப் பார்த்து, முதுகெலும்பை மேலிருந்து கீழாக விரலால் தடவினார். அந்த நேரம் பார்த்து ஒரு சின்னப் பிள்ளை மூக்குக்குள் பாசிமணி ஒன்றைச் செருகிக்கொண்டு வந்துவிட்டது. "அப்படியே படுத்திருங்க, வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு வைத்தியர் போனார்.

அவர் திரும்பி வந்தபோது நாகேஸ்வரி நல்ல நித்திரையில் இருந்தார். பலகைமேல் மெல்லிய றப்பர் விரித்த பரிசோதனைக் கட்டில் அது.

"ஹலோ, எழுந்திரிங்க. வீட்டுல தூங்க விட மாட்டாங்களா?"

நாகேஸ்வரி திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. கையூன்றாமல், உருளாமல், ஒரே தடவையில் எழுந்திருக்கிறார். முதுகைத் தொட்டுப் பார்த்தார்.

புஷ்பவல்லி அதைக் கவனித்துவிட்டார். "எப்ப வலி அதிகம்?"

"விடியத்தான் டொக்டர். கட்டிலாலை இறங்கேலாது. வேலைக்குப் போய்க் கொஞ்ச நேரத்திலை குறைஞ்சிடும்."

"வேலைக்குப் போனா குறையுதா? உங்க வீட்டுக்காரர் வேலையாலதான் வலின்னாரே?"

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுகினம்."

"எல்லாரும் சொல்றது இருக்கட்டும். நீங்க என்ன சொல்றீங்க?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. நாகேஸ்வரி வெளியே கேட்காத குரலில் சொன்னார். "எனக்கு அந்த மெத்தை ஒத்துவரேல்லை டொக்டர். உருண்டு அவரிட்டைப் போயிடுவன் எண்டு ராவெல்லாம் கரையைப் பிடிச்சுக்கொண்டு படுக்கிறன்."

புஷ்பவல்லி சிரிப்பை அடக்கிக்கொண்டு விக்னராஜாவை உள்ளே கூப்பிட்டார்.

"முதுகெலும்புல ஒண்ணுமில்ல. நரம்பும் நல்லா இருக்கு. புது மெத்தை வாங்கினீங்களாமே?"

"ஓம் டொக்டர். அந்தக் கடையிலை இருந்ததுக்குள்ளை திறமான மெத்தை."

"யாரு படுத்துப் பாத்தா?"

விக்னராஜா விழித்தார். "படுக்கேல்லை. நானும் சிநேகிதரும் கையாலை அமுக்கிப் பாத்தனாங்கள்."

"ராத்திரி அதுல உங்க கையா தூங்குது?"

விக்னராஜா தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"மெத்தை மோசம்னு நான் சொல்லல சார். உங்க உடம்புக்கு அது சரியா இருக்கலாம். இவங்களுக்கு இடுப்பத் தாங்கற மாதிரி கெட்டியா வேணும். ஒரு வாரம் வேற மெத்தையில படுக்கட்டும். அப்புறம் வந்து சொல்லுங்க. வேலையெல்லாம் தாராளமா பாக்கலாம்."

இருவரும் காரில் வீட்டுக்குத் திரும்பினார்கள். செவன் ஹில்ஸ் ரயில் பாலத்தைத் தாண்டியதும் விக்னராஜா கேட்டார்.

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் நிறத்தைத்தானே கேட்டனீங்கள்."

அதில் கோபம் இருக்கவில்லை. அது நடந்தது நடந்தபடியே சொல்லப்பட்ட வார்த்தை. விக்னராஜா காரை வீதியோரம் நிறுத்தினார். முதலில் நாகேஸ்வரிதான் சிரித்தார். பெரிய வியாதி இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு முழுதாக விளங்கியிருக்கவேண்டும். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் நீர் வந்தது. பிறகு விக்னராஜாவும் சிரித்தார்.

பழைய மெத்தையில் ஐந்தாவது நாள் நாகேஸ்வரி குனிந்து செருப்பு மாட்டினார்.

ஜூலை 24, சனிக்கிழமை, கூரையில் கட்டிய மெத்தையோடு விக்னராஜாவின் கார் மறுபடியும் அதே கடை வாசலுக்கு வந்தது. பின்னாலே சிவபாலனின் கார். இந்த முறை யோகாவும் வந்திருந்தார். சிவபாலனின் நம்பிக்கை தளர்ந்திருந்தது. "பாவிச்ச மெத்தையை உவங்கள் திருப்பி எடுக்க மாட்டாங்கள் மச்சான். எழுதி வை."

விற்பனையாளரும் அதையேதான் சொன்னார். ஏழு கிழமை படுத்த மெத்தையை எடுக்க முடியாது. சொல்லிக்கொண்டே கயிற்றை அவிழ்த்து, மேலே கட்டியிருந்த பழைய விரிப்பை விலக்கினார். கடை ஒட்டிய பிளாஸ்டிக் உறை, ஒட்டுநாடாகூடக் கிழியாமல் இருந்தது. அவர் மெத்தையைச் சுற்றி வந்தார். விரலால் உறையைத் தட்டிப் பார்த்தார்.

"இதன் மேலேயா படுத்தீர்கள்?"

"ஆமாம்," என்றார் விக்னராஜா.

"ஏழு கிழமையும்?"

"ஊத்தை படக்கூடாதென்று."

விற்பனையாளர் உள்ளே போய் முதலாளியைக் கூட்டி வந்தார். முதலாளியும் ஒரு தரம் சுற்றி வந்தார். முப்பது வருடமாக மெத்தை விற்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்றார். மாற்றித் தருவதில் தடையில்லை என்றும் சொன்னார்.

"பாத்தியே," என்றார் சிவபாலன், புது உயிர் வந்தவராக. "உறையைக் கழட்டாதையெண்டு சொன்னது ஆர்?"

"வாயை மூடுங்கோ," என்றார் யோகா. "மெத்தையை வேண்டச் சொன்னதும் நீங்கள்தானே."

அளவுநாடாக்காரர் அவர்களை உறுதியான மெத்தைகள் இருந்த பக்கத்துக்குக் கூட்டிப் போனார். பளபளப்பு இல்லாத, நீலக்கோடு போட்ட மெத்தை ஒன்றைக் காட்டினார். சிவபாலனின் கை பழக்கத்தில் முன்னால் நீண்டது. விக்னராஜா அதைப் பிடித்து மெல்லக் கீழே விட்டார்.

"நீர் படுத்துப் பாரும்," என்றார் மனைவியிடம்.

நாகேஸ்வரி சுற்றிலும் பார்த்தார். கடையில் சனிக்கிழமைக் கூட்டம். வீதியால் போகிறவர்களுக்குக் கண்ணாடிக்குள்ளால் எல்லாம் தெரியும். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார்.

"எனக்கு ஏலாதப்பா. சனம் பாக்குது."

விக்னராஜா ஒரு கணம் யோசித்தார். பிறகு குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். இடது காலுறையில் ஓட்டை இருந்தது. கோட்டும் கழுத்துப்பட்டியுமாக மெத்தையில் ஏறி, கையை வயிற்றில் வைத்து மல்லாந்து படுத்தார்.

"இப்ப சனம் என்னைத்தான் பாக்கும். நீர் வாரும். நான் படுத்தால் நீர் உருளுறீரோ இல்லையோ எண்டு தெரியவேணும்."

சிவபாலன் அவசரமாக மறுபக்கம் திரும்பினார். அங்கே ஆளுயரக் கண்ணாடி பதித்த அலுமாரிகள் வரிசையாக நின்றன. எல்லாக் கண்ணாடியிலும் விக்னராஜா படுத்திருந்தார். சிவபாலன் கடைசியில் கூரையைப் பார்த்தார்.

நாகேஸ்வரி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். விளிம்பில் உட்கார்ந்தார். பிறகு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, படுத்தார். உருளவில்லை. கை பழக்கத்தில் மெத்தையின் ஓரத்தைப் பிடித்தது. சற்று நேரத்தில் தானாகவே விட்டது. இடுப்புக்குக் கீழே மெத்தை தாங்கி நின்றது. ஒரு பக்கம் திரும்பிப் படுத்துப் பார்த்தார். மறுபக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எப்பிடி?" என்றார் விக்னராஜா, கூரையைப் பார்த்தபடி.

"கொஞ்சம் பொறுங்கோ. கடைக்காரர் அண்டைக்கு ஐஞ்சு நிமிசமெண்டு சொன்னவர்."

ஐந்து நிமிடமும் படுத்திருந்தார். பிறகு எழும்பிப் பக்கத்து மெத்தையிலும் படுத்துப் பார்த்தார். அது அவருக்குக் கல்லுப்போல இருந்தது. திரும்பி வந்து நீலக்கோட்டு மெத்தையைக் காட்டி, "இதுதான்," என்றார். நிறத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. வீதியில் போனவர்களில் ஒருவரும் நின்று பார்க்கவுமில்லை.

யோகா இதற்கிடையில் வேறொரு மெத்தையில் காலை நீட்டிப் படுத்திருந்தார். "இஞ்சேருங்கோ, எங்கடை மெத்தையையும் நீங்கள் அமுக்கித்தானே வேண்டினனீங்கள்?" என்று அங்கிருந்தே கேட்டார். சிவபாலன் கார் சாவியைத் தேடத் தொடங்கினார்.

அடுத்த கிழமை கல்யாணசுந்தரம் விக்னராஜாவுக்குத் தொலைபேசி எடுத்தார். புது வீட்டுக் குசினிக்கு ஒரு காஸ் அடுப்பு வாங்கவேண்டும், சனிக்கிழமை அண்ணை துணைக்கு வரவேண்டும்.

"நான் வரேல்லைத் தம்பி," என்றார் விக்னராஜா. "அதிலை சமைக்கப் போறது ஆர்?"

"மனுசிதான்."

"அப்ப அவவைக் கூட்டிக்கொண்டு போம். கடைக்குள்ளை வாசல்லை நிப்பாட்டி வைக்காதையும். கிட்டப் போய், சட்டியை வைச்சுப் பாத்து, அவவுக்கு உயரம் சரியோ எண்டு அவவைக் கேளும். ஒரு ஆளின்ரை நாரி நோகிறது அந்த ஆளுக்குத்தான் தெரியும். நாங்கள் பக்கத்திலை நிண்டு அமுக்கிப் பாத்து அவைக்காக முடிவெடுக்கிறதை விடவேணும். பொம்பிளையளும் வெக்கத்தை விட்டு வாய் திறந்து சொல்லவேணும். கேக்காததும் பிழை, சொல்லாததும் பிழை. ஆனால் முதல் பிழை எங்கடை."

கல்யாணசுந்தரம் விடவில்லை.

"அண்ணை, சிவபாலன் அண்ணையைக் கேட்டுப் பாக்கட்டே?"

"அவர் இப்ப ஒண்டுக்கும் வாறேல்லை," என்றார் விக்னராஜா.

நாகேஸ்வரி மருத்துவமனையின் உடற்சோதனையில் தேறினார். 1976 ஓகஸ்ட் 16, திங்கட்கிழமை காலை, செவன் ஹில்ஸ் நிலையத்தில் ரயில் ஏறிப் போய் வேலையில் சேர்ந்தார்.